வாழ்ந்த ஊரை விடுங்கள், இறந்த ஊருக்குப் போங்கள்

பழைய காலத்து மனிதர் ஒருவரின் கல்லறையைத் தேடிக் கிளம்புகிறவர்கள் முதலில் அவர் பேரெடுத்த ஊருக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள். அவருக்குச் சிலை இருப்பது அங்கே, தெருவுக்கு அவர் பெயர் இருப்பதும் அங்கே. கல்லறை மட்டும் இருக்காது. உடனே ‘காலவெள்ளத்தில் அழிந்துவிட்டது’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது அழிந்திருக்காது, வேறு ஊரில் இருக்கும்.

ஐஸ் பெட்டி வருவதற்கு முந்தைய காலத்தில் நம் வெயிலில் ஓர் உடலை ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. காலை இறந்தவருக்கு மாலையில் குழி. அதனால் மூச்சு நின்ற இடத்திலிருந்து சில மைல் சுற்றளவுக்குள்தான் அடக்கம் நடந்திருக்கும். பதவியில் இருந்தவர்களும் பாதிரிமார்களும் படைவீரர்களும் வருஷத்தில் பாதி நாள் பயணத்தில் கழித்தவர்கள். ஆகவே முகாமிலும் சத்திரத்திலும் நண்பர் வீட்டுத் திண்ணையிலும் இறந்தார்கள்.

வில்லியம் லாம்டனை எடுத்துக்கொள்வோம். இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரும் பணிக்கு 1802-இல் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு போட்டவர் அவர். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து நொறுங்கியதே, அரை டன் எடையுள்ள அளவைக் கருவி, அது அவருடையதுதான். சென்னையில் தேடினால் பரங்கிமலையில் அவர் சிலை கிடைக்கும். ஆனால் 1823 ஜனவரி 20 அன்று, ஹைதராபாத்திலிருந்து நாகபுரி போகும் வழியில், இன்றைய மகாராஷ்டிரத்தின் வார்தா மாவட்டத்து ஹிங்கன்காட்டில் அவர் இறந்தார். கல்லறையும் அங்கேதான். எல்லீஸ் துரை கதையும் இதுவே. சென்னைக் கலெக்டராக இருந்தார், சென்னையில் கிணறு வெட்டித் தமிழில் கல்வெட்டு வைத்தார், 1819 மார்ச்சில் இறந்ததோ ராமநாதபுரத்தில்.

ஆகவே நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் மூன்று கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். எந்த ஊரில், எந்தத் தேதியில் இறந்தார்? அந்த நேரத்தில் உடல் யார் பொறுப்பில் இருந்தது? கல் வைக்கப் பணம் கொடுத்தது யார்? இவற்றில் இரண்டாவதுதான் முக்கியம். புதியவர்கள் கேட்க மறப்பதும் அதையே.

உடல் யார் பொறுப்பில்?

பாதிரியாரின் உடல் அவர் சபையின் பொறுப்பு. படை அதிகாரியின் உடல் படைப்பிரிவின் பொறுப்பு. கைதியின் உடல் அரசாங்கத்தின் பொறுப்பு. தெருவில் இறந்த ஏழைக் கவிஞரின் உடல் யார் தூக்கிப் போட்டார்களோ அவர்கள் பொறுப்பு. யாருடைய பொறுப்போ, அவர்களிடம்தான் எழுத்து இருக்கும், அவர்கள் நிலத்தில்தான் குழி இருக்கும்.

வீரமாமுனிவர் மணப்பாட்டில் இறந்ததாகப் பழைய வாழ்க்கை வரலாறுகள் சொல்லும். தமிழ் அறிஞர் ஆயிற்றே, தமிழ்க் கரையில்தானே இறந்திருப்பார் என்று நமக்கும் தோன்றும். ஆனால் அவர் இயேசு சபைத் துறவி. அந்தச் சபை தன் ஆட்கள் எங்கே இருந்தார்கள், எப்போது இறந்தார்கள் என்று ரோமுக்கு எழுதி அனுப்பும் பழக்கம் உடையது. அந்த ஆவணங்களின் வழியே போனால் வந்து நிற்கும் இடம் இன்றைய கேரளத்துத் திருச்சூர் மாவட்டத்தின் அம்பலக்காடு, ஆண்டு 1747. சபையின் கல்லூரி அங்கே இருந்தது. ஊர்ப்பெருமை ஒரு பக்கம் இழுக்கும், சபை ஆவணம் இன்னொரு பக்கம் இழுக்கும். நான் எப்போதும் ஆவணத்தின் பக்கம்.

கிறிஸ்தவராக இருந்தால் எந்தச் சபை என்பதைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே ஊரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டம், சி.எஸ்.ஐ. கல்லறைத் தோட்டம், லுத்தரன் கல்லறைத் தோட்டம் என்று மூன்று இருக்கும். ஒன்றில் இருப்பவருக்கு இன்னொன்றின் பதிவேட்டில் இடமில்லை. ஆர்மீனியர்கள் தனி. சென்னையில் ஆர்மீனியன் தெரு தேவாலயத்தின் முற்றத்தில் நடந்தால் கல்லறைக் கற்களின் மேல்தான் நடக்க வேண்டும். உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையான ‘அஸ்தரார்’ இதழை 1794-இல் சென்னையில் தொடங்கிய ஹருத்யுன் ஷ்மவோனியன் புதைக்கப்பட்டதும் அங்கேதான்.

இந்துவாக இருந்தால் அதற்கு முன் வேறொரு கேள்வி இருக்கிறது. புதைத்தார்களா, எரித்தார்களா? பாரதியாரை 1921 செப்டம்பரில் கிருஷ்ணாம்பேட்டைச் சுடுகாட்டில் எரித்தார்கள். அவருக்குக் கல்லறை தேடுவதில் அர்த்தமில்லை. துறவிகளைப் புதைப்பது வழக்கம் என்பதால் தாயுமானவருக்கு ராமநாதபுரத்தில் சமாதி உண்டு. சித்தர்கள் விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். ஒரே சித்தருக்கு நாலைந்து ஊரில் ஜீவசமாதி சொல்வார்கள். அங்கே நீங்கள் தேடுவது வழிபாட்டு மரபு. அதை அப்படியே பதிவு செய்யுங்கள், எது ‘உண்மை’ என்று தீர்ப்புச் சொல்லப் போகாதீர்கள்.

சோழ அரசர்களின் பள்ளிப்படைகளை, அதாவது அடக்க இடத்தில் எழுப்பிய கோயில்களைத் தேடுகிறவர்களுக்குக் கல்வெட்டே பதிவேடு. தொண்டைமானாற்றூரில் ஆதித்த சோழனுக்கும், மேல்பாடியில் அரிஞ்சயனுக்கும், பழையாறைப் பக்கம் பஞ்சவன்மாதேவிக்கும் பள்ளிப்படைகள் இருப்பது கல்வெட்டால் உறுதியானது. இறந்த அரசரை அவர் இறந்த ஊரைச் சொல்லி ‘இன்ன ஊரில் துஞ்சின தேவர்’ என்று இத்தகைய கற்களில் குறிப்பதுண்டு. ராஜராஜன் பெயரில் சொல்லப்படும் உடையாளூர் வேறு வகை. அங்கே பால்குளத்து அம்மன் கோயில் தூணில் உள்ள குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு, சிவபாதசேகரதேவரின் திருமாளிகை ஒன்றைப் பழுதுபார்த்ததைச் சொல்கிறது. சிவபாதசேகரன் ராஜராஜனின் பட்டப்பெயர்தான். ஆனால் கல்வெட்டு சொல்வது திருமாளிகை. பள்ளிப்படை என்ற சொல் அதில் இல்லை. ஊரில் காட்டப்படும் லிங்கத்துக்கும் அந்தத் திருமாளிகைக்கும் இடையே பாலம் போடுவது நம் ஆசைதான். ஆசையை எழுதுவதில் தப்பில்லை, ஆசை என்று சொல்லி எழுதினால்.

மரண தண்டனை பெற்றவர்கள் கதை இன்னும் சிக்கல். 1764 அக்டோபரில் மதுரையில் தூக்கிலிடப்பட்ட கான் சாகிப் யூசுப்கானின் உடல் மதுரைச் சம்மட்டிபுரத்துப் பள்ளிவாசலில் இருக்கிறது. கை கால்களை வெட்டிப் பல ஊர்களுக்கு அனுப்பினார்கள் என்ற செய்தியும் கூடவே வரும், அதை ஒட்டி ஒவ்வோர் ஊரிலும் ஒரு சமாதி முளைக்கும். இப்படிப்பட்டவர்களைத் தேடும்போது ஒவ்வோர் இடத்தைப் பற்றியும் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று எந்த ஆண்டு என்று மட்டும் ஒரு பட்டியல் போடுங்கள். பாதி ஊர்கள் தாமாகவே விலகிவிடும்.

காகிதம்

வெயிலில் இறங்குவதற்கு முன் மேசையில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இது. அலுப்பாக இருக்கும், ஆனால் இதைத் தாண்டிக் குறுக்கு வழி கிடையாது.

சென்னை மாகாணத்தில் ஐரோப்பியர் கல்லறை என்றால் முதலில் புரட்ட வேண்டியது ஜே.ஜே. காட்டன் 1905-இல் வெளியிட்ட கல்லறைக் கல்வெட்டுப் பட்டியல். ஐ.சி.எஸ். அதிகாரியான அவர் மாவட்டம் மாவட்டமாகக் கற்களைப் பதிந்து, ஆளைப் பற்றிய குறிப்பும் சேர்த்திருக்கிறார். இலங்கைக்கு அதேபோல் பென்ரி லூயிஸ் 1913-இல் செய்தது உண்டு. இரண்டும் இணைய நூலகங்களில் கிடைக்கின்றன. ஒன்றை மறக்காதீர்கள்: காட்டனில் இருக்கிறது என்றால் நூற்றிருபது வருஷத்துக்கு முன் இருந்தது என்று மட்டுமே பொருள். இடையில் எத்தனையோ கல் துணி துவைக்கப் போயிருக்கிறது, வாசற்படியாகியிருக்கிறது.

அடுத்தது அடக்கப் பதிவேடுகள். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலம் முதலே ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றின் நகல்களும் லண்டனுக்குப் போயின. இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் உள்ளன. வங்காளத்துக்கு ‘என் 1’, சென்னைக்கு ‘என் 2’, பம்பாய்க்கு ‘என் 3’ என்று வரிசை எண். தெற்காசியக் கல்லறைகளுக்காகவே 1976-இல் லண்டனில் தொடங்கப்பட்ட ‘பாக்ஸா’ என்ற சங்கம் தனித்தனிக் கல்லறைத் தோட்டங்களைப் பற்றிச் சிறு நூல்கள் வெளியிட்டிருக்கிறது. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. அனுமதிக் கடிதத்தோடு போங்கள், பொறுமையோடும் போங்கள். கத்தோலிக்கப் பங்குகளின் பழைய பதிவேடு பங்குத்தந்தையின் அலமாரியிலோ மறைமாவட்ட ஆவணக் காப்பகத்திலோ இருக்கும். லத்தீனிலோ போர்த்துக்கீசியத்திலோ எழுதியிருப்பார்கள். பயப்பட வேண்டாம், ஒரே வாய்பாடுதான் திரும்பத் திரும்ப வரும். பத்துப் பதிவு படித்தால் பதினோராவது தானே புரியும்.

பதிவேட்டில் இருப்பது அடக்கத் தேதி, கல்லில் இருப்பது இறந்த தேதி. ஒரு நாள் வித்தியாசம் இயல்பு, அதை முரண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வருஷமே வித்தியாசப்பட்டால் நாட்காட்டியைப் பாருங்கள். ஆங்கிலேயருக்கு 1752 வரை புத்தாண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது. அதனால் அவர்கள் 1700 பிப்ரவரி என்று எழுதியது நம் கணக்கில் 1701. தென்கோடித் தமிழ்க் கற்களில் கொல்லம் ஆண்டு இருக்கும். ஆவணி முதல் மார்கழி நடு வரை 824-ஐயும், அதற்குப் பிறகு 825-ஐயும் கூட்டுங்கள். ‘விய வருஷம்’ என்று மட்டும் இருந்தால் அது 1886-ஆகவும் இருக்கலாம், 1826-ஆகவும் இருக்கலாம். அறுபது வருஷச் சுழற்சியில் எது என்பதை எழுத்தின் வடிவமும் கல்லின் வகையும்தான் சொல்ல வேண்டும். ஹிஜ்ரி ஆண்டைக் கழித்துக் கூட்டிக் கணக்குப் போடாமல் அட்டவணையைப் பார்ப்பதே மேல். சந்திர ஆண்டு சிறியது, கணக்கு நழுவும்.

பழைய வரைபடத்தை நம்புவதற்கு முன் அதை வரைந்தவர் இடங்களைச் சரியாகக் குறித்தாரா என்று பாருங்கள். இங்கிலாந்து அரசன் மூன்றாம் ரிச்சர்டு 1485-இல் போரில் இறந்து லெஸ்டர் நகரின் கிரேஃபிரையர்ஸ் மடத்தில் புதைக்கப்பட்டான். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் ஸ்பீடு என்ற வரைபடக்காரர் கல்லறையைத் தேடிப் போய், கிடைக்காமல் திரும்பினார். தன் வரைபடத்தில் அவர் அந்த மடத்தைப் பிளாக்ஃபிரையர்ஸ் என்ற வேறொரு மடம் இருந்த இடத்தில் போட்டிருந்தார். தேடியதும் அங்கேதான் போலிருக்கிறது. அவர் எழுதியதிலிருந்து, எலும்பை ஆற்றில் வீசிவிட்டார்கள் என்ற கதை ஊன்றிவிட்டது. அதே காலத்தில் வேறொருவர், மடம் இருந்த இடத்தில் உண்டான ஒரு தோட்டத்தில் அரசனின் உடல் இங்கே கிடக்கிறது என்று பொறித்த தூண் இருந்ததைக் குறித்து வைத்திருந்தார். அந்தச் சின்னக் குறிப்பின் பக்கம்தான் உண்மை இருந்தது. 2012 ஆகஸ்டில் மாநகராட்சிக் கார் நிறுத்தத்தில் தோண்டிய முதல் நாளே எலும்பு வெளிப்பட்டது. அரசனின் சகோதரி வழியில் தாய்வழிச் சந்ததியைக் கண்டுபிடித்து மரபணுவை ஒப்பிட்டு 2013 பிப்ரவரியில் உறுதி செய்தார்கள். தோண்டியது பல்கலைக்கழகம், அனுமதி கொடுத்தது அரசு. கடப்பாரையோடு கிளம்ப நினைக்கும் உள்ளூர் ஆர்வலர்கள் இந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படிக்கவும்.

கல் ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம்

சென்னைக் கோட்டையின் செயின்ட் மேரீஸ் தேவாலய முற்றத்தில் பதினேழாம் நூற்றாண்டுக் கல்லறைக் கற்கள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. பெயரைப் படித்துப் படம் எடுத்து ‘இவர் இங்கே உறங்குகிறார்’ என்று எழுதுகிறவர்கள் ஏராளம். அவற்றில் பழைய கற்களுக்குக் கீழே யாரும் இல்லை. அந்தக் காலத்து இடுகாடு கோட்டைக்கு வெளியே, இன்றைய உயர்நீதிமன்றம், சட்டக் கல்லூரிப் பக்கம் இருந்தது. 1758-59-இல் பிரெஞ்சுக்காரர் முற்றுகையிட்டபோது உயரமான கல்லறைகளின் பின்னால் ஒளிந்து சுட்டார்கள். முற்றுகை முடிந்ததும் கம்பெனி அந்தக் கல்லறைகளை இடித்துத் தள்ளி, பெயர் பொறித்த பலகைக் கற்களை மட்டும் தேவாலய முற்றத்துக்குக் கொண்டுவந்தது. எலும்புகள் பழைய இடத்திலேயே. அங்கே எஞ்சியவற்றில் ஒன்று எலிஹூ யேலின் சிறு வயது மகன் டேவிட் புதைக்கப்பட்ட கூம்பு வடிவச் சின்னம்.

சென்னை கவர்னர் தாமஸ் மன்றோவுக்கு நடந்தது நேர்மாறு. 1827 ஜூலை 6 அன்று காலராவில் பத்திகொண்டாவில் இறந்தார். அடக்கம் பக்கத்தில் குத்தியில். நாலு வருஷம் கழித்து, 1831-இல், உடலைத் தோண்டி எடுத்துவந்து செயின்ட் மேரீஸில் புதைத்தார்கள். குத்தியில் நினைவுச்சின்னம் இருக்கிறது. சென்னைத் தீவுத்திடலில் குதிரைமேல் சிலை இருக்கிறது. உடல் இருப்பது கோட்டைக்குள். இப்படி இடம் மாறியவர்கள் விஷயத்தில் முதல் அடக்கப் பதிவோடு தேடலை நிறுத்திவிட்டால் தப்பான ஊரில் நிற்பீர்கள்.

தஞ்சையில் ஷ்வார்ட்ஸ் ஐயரைத் தேடிப் போகிறவர்கள் கோட்டைக்குள் சரபோஜி மன்னர் வைத்த ஃபிளாக்ஸ்மன் செதுக்கிய பளிங்குச் சிற்பத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். மரணப்படுக்கையும் அருகில் நிற்கும் மன்னரும் உள்ள அழகான வேலைப்பாடு, பார்க்க வேண்டியதுதான். ஆனால் 1798-இல் அவரைப் புதைத்தது கோட்டைக்கு வெளியே, செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயத்தில். சென்னைக் கோட்டையிலும் அவருக்கு ஒரு பளிங்கு உண்டு.

எது கல்லறை, எது நினைவுக்கல் என்று பிரிக்க ஒரு சுலபமான அடையாளம்: லத்தீனில் ‘ஹிக் யாசெட்’, போர்த்துக்கீசியத்தில் ‘அக்கி ஜாஸ்’, டச்சில் ‘ஹியர் லெய்ட் பெக்ராவென்’ என்று தொடங்கினால் ஆள் அந்தக் கல்லுக்குக் கீழே கிடப்பதாகக் கல்லே சொல்கிறது. அந்தக் கல் இடம் பெயர்ந்திருக்கிறதா என்பது தனிக் கேள்வி. ஆங்கிலத்தில் ‘நினைவுக்குப் புனிதமானது’ என்ற தோரணையில் தொடங்கும் வாசகம் இரண்டுக்கும் பொது. அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். சுவரில் பதித்த பளிங்கு என்றால் பெரும்பாலும் நினைவுக்கல்தான்.

போப் ஐயர் கல்லில் என்ன இருக்கிறது?

தன் கல்லறையில் ‘ஒரு தமிழ் மாணவன்’ என்று பொறிக்கச் சொன்னார் ஜி.யு. போப் என்பது நம் மேடைகளில் அடிபட்டு அடிபட்டு மெருகேறிய செய்தி. பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் இதைச் சொல்லாத பிள்ளை குறைவு. கல்லறை எங்கோ தொலைந்து போயிருந்தால் இந்தக் கதையைச் சரிபார்க்க வழியே இருந்திருக்காது. நல்லவேளையாக அது இருக்கிறது. ஆக்ஸ்போர்டில் வால்டன் தெருவை ஒட்டிய செயின்ட் செபல்கர்ஸ் இடுகாட்டில், மரங்களுக்கு நடுவே.

கல் ஆங்கிலத்தில் உள்ளது. பெயர், தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்ற அடைமொழி, பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தது, பேலியல் கல்லூரியில் குருவாக இருந்தது, 1820-இல் பிறந்தது, 1908 பிப்ரவரியில் இறந்தது. பிறகு, இந்தக் கல்லைக் குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து வைத்தார்கள், கீழ்த்திசை இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும் ஆயுள் முழுக்க உழைத்ததற்காக வைத்தார்கள் என்று வருகிறது. மாணவன் என்ற சொல் அங்கே இல்லை.

எனக்கு இதில் ஏமாற்றம் இல்லை. கல்லுக்கு யார் பணம் கொடுத்தது என்று முதல் பக்கத்தில் எழுதிவைத்தோமே, அதற்குக் கல்லிலேயே பதில் இருக்கிறது: தமிழர்கள் பணம் கொடுத்திருக்கிறார்கள். கடல் தாண்டிப் பணம் திரட்டி அனுப்பியவர்கள் யார், எந்தப் பத்திரிகையில் வேண்டுகோள் வந்தது, எவ்வளவு சேர்ந்தது என்று தேடக் கிளம்பினால் ஒரு நல்ல கட்டுரை கிடைக்கும். மேடைக் கதை அந்த வேலையைத் தடுத்துவிட்டது.

அந்த இடுகாட்டுக்குப் போகிறவர்கள் இன்னொரு கல்லையும் பாருங்கள். பேலியல் கல்லூரியின் தலைவராக இருந்த பெஞ்சமின் ஜோவெட் அங்கேதான் இருக்கிறார். முதுமையில் திருவாசகத்தை மொழிபெயர்க்கும்படி போப்புக்குத் தைரியம் சொன்னவர். ஒருவரைத் தேடும்போது பக்கத்துக் கற்களையும் படிப்பது வழக்கமாகட்டும். நண்பர்கள், மனைவி, குழந்தைகள் பெயர் கொண்டு தேடியவர் அகப்படுவது உண்டு. அவர் கல் உடைந்து போயிருந்தாலும் குடும்பத்தார் கல் இருக்கும்.

இடுகாட்டுக்குள்

தமிழ்நாட்டில் போவதற்கு நல்ல வாரம் ஒன்று உண்டு. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அதற்குச் சில நாள் முன்பிருந்தே கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டங்களில் புதர் வெட்டுவார்கள், வெள்ளையடிப்பார்கள். வருஷம் முழுக்க முள்ளுக்குள் கிடக்கும் கல் அந்த வாரத்தில் வெளிச்சம் பார்க்கும். குடும்பத்தார் வருவதால் வாய்மொழிச் செய்தியும் கிடைக்கும். அந்த வாரம் தவறினால் மாசி, பங்குனியில் புல் காய்ந்த பிறகு போங்கள். கால் மூடிய செருப்பு, நீண்ட குச்சி. பாம்பு பற்றி விளக்க வேண்டியதில்லை.

முதலில் அனுமதி. சி.எஸ்.ஐ. என்றால் ஆயர், கத்தோலிக்கம் என்றால் பங்குத்தந்தை, கபரஸ்தான் என்றால் ஜமாத், தர்கா என்றால் முத்தவல்லி, தொல்லியல் துறைப் பலகை இருந்தால் அந்தத் துறை. சதுரங்கப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் உள்ள டச்சுக் கல்லறைகள் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. அனுமதி தருபவர் ஒருவர், விஷயம் தெரிந்தவர் வேறொருவர். கோயில்பிள்ளையையும் குழி வெட்டுகிறவரையும் தேடிப் பிடியுங்கள். எந்த மூலையில் தோண்டினால் பழைய செங்கல் வருகிறது, எந்தக் கல்லை எப்போது நகர்த்தினார்கள் என்பதெல்லாம் அவர்கள் நினைவில் இருக்கும். அவர்களிடம் ‘சரித்திரப் புகழ்பெற்ற இன்னார்’ என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். ‘இங்க துரை கல்லறை எதுண்ணே?’ என்று கேளுங்கள்.

தேய்ந்த எழுத்தைப் படிக்க உச்சி வெயில் உதவாது. காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்துக்கோ வெயில் சாய்வாக விழும்போது எழுத்தின் பள்ளத்தில் நிழல் இறங்கும். கல் மர நிழலில் இருந்தால் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றால் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் திருப்புங்கள். இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பிடித்தாலும் இதே பலன். சுத்தமான தண்ணீரும் மெல்லிய நார் பிரஷும் போதும். கம்பி பிரஷ், ஆசிட், சோப்புத்தூள் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். சாக்பீஸைத் தேய்த்து எழுத்தைத் தூக்கிக் காட்டும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பளிங்கும் மணற்கல்லும் அதைத் தாங்காது, நீங்கள் யூகித்த எழுத்து அடுத்தவரின் கண்ணையும் ஏமாற்றும். வெள்ளையடித்து வெள்ளையடித்து எழுத்து மூடிப்போன கல்லைச் சுரண்ட ஆசை வரும். சுரண்டாதீர்கள். விரல் நுனியால் தடவி எழுத்தெழுத்தாக நோட்டில் எழுதுங்கள்.

படம் எடுக்கும்போது கல் முழுதும் ஒன்று, வரி வரியாகச் சில, பிறகு வாசலிலிருந்து அந்தக் கல் வரை வழி தெரியும்படி சில. இந்தக் கடைசி வகையை யாரும் எடுப்பதில்லை. மறுபடி தேடி வருபவருக்கு அதுதான் தேவை. கைப்பேசியில் இருப்பிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், கூடவே ‘மேற்கு மதிலிலிருந்து இத்தனை அடி’ என்று நாடாவால் அளந்தும் எழுதுங்கள். சிதைந்த எழுத்துக்குப் புள்ளி வையுங்கள், நீங்களாக நிரப்பாதீர்கள்.

கிடைத்த பிறகு

அடுத்த மாதமே புதுக் கிரானைட் வைக்க வசூல் ஆரம்பிக்கும். பழைய கல்லை எடுத்துவிட்டுப் பளபளப்பாக ஒன்றை வைத்துத் திறப்பு விழாவும் நடத்திவிடுவார்கள். பழைய கல் மதிலோரம் சாய்த்து வைக்கப்பட்டு, பின்னர் காணாமல் போகும். இதைத் தடுப்பது கண்டுபிடித்தவரின் வேலை. புதுக் கல் வைத்தே தீர வேண்டும் என்றால் தள்ளி, தலைமாட்டில் வைக்கச் சொல்லுங்கள். அதில் என்ன எழுதுவது என்பதில் உங்கள் பேச்சு எடுபட வேண்டும். இடம் நூற்றுக்கு நூறு உறுதியில்லை என்றால் ‘இவ்விடத்தின் அருகில்’ என்றுதான் எழுத வேண்டும். விழாக்குழு இதற்கு ஒப்பாது, கௌரவக் குறைவு என்பார்கள்.

அவர்களுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது. கடைசி முகலாய அரசர் பகதூர் ஷா ஜாபர் 1862 நவம்பர் 7 அன்று ரங்கூனில், ஆங்கிலேயர் காவலில் இறந்தார். உடல் அரசாங்கத்தின் பொறுப்பு. அன்று மாலையே காவல் வளாகத்துக்குப் பின்னால் செங்கல் குழியில் இறக்கி, தரை மட்டத்துக்குப் புல்கட்டிகளைப் போட்டு மூடினார்கள். சுற்றி மூங்கில் வேலி போட்டார்கள். வேலி மக்கும் நாளில் புல் முழுக்கப் படர்ந்திருக்கும், கடைசி முகலாயர் எங்கே கிடக்கிறார் என்று காட்ட ஓர் அடையாளமும் இருக்காது என்று காவலில் இருந்த கேப்டன் டேவிஸ் மேலிடத்துக்கு எழுதினார். மறைத்ததைச் சொல்லும் அந்தக் கடிதம்தான் பின்னால் தேடியவர்களுக்குச் சான்றாயிற்று. ரங்கூன் முஸ்லிம்கள் விடாமல் கேட்டதன் பேரில் 1907-இல் அரசாங்கம் ஒரு கல் வைத்தது. யாருக்கும் துல்லியமான இடம் தெரியாது. அதனால் முன்னாள் டெல்லி அரசர் இவ்விடத்துக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார் என்று பொறித்தார்கள். 1991 பிப்ரவரியில் அந்த வளாகத்தில் வடிகால் வெட்டும்போது சில அடி ஆழத்தில் செங்கல் கட்டிய குழி தட்டுப்பட்டது. ஜாபர் உள்ளே இருந்தார், 1907-ஆம் ஆண்டுக் கல் சொன்னது போலவே, அதற்கு அருகில்.